விசிறி யார் கையில்?

தோழனே!

"பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது" என்பது பழமொழி. உன் பாட்டி சொல்லியிருப்பாள். பாட்டிக்கு அவள் பாட்டி சொல்லியிருப்பாள். பழமொழி என்று சொல்லிவிட்டால் போதும், பணிந்து தலையாட்டுவது நம் வழக்கம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் அந்தத் தலையாட்டலை நிறுத்திவை. பழமொழியைக் கூண்டிலே ஏற்று. குறுக்கு விசாரணை நடத்துவோம்!

பசித்தவன் ருசி பார்ப்பதில்லை; ஒப்புக்கொள்கிறேன். கூழானாலும் குடிப்பான், பழையதானாலும் பருகுவான். ஆனால் உறக்கம் அப்படிப்பட்டதா? சித்திரைத் திங்களின் நள்ளிரவில், கடலோர நகரத்துச் சந்து ஒன்றில், தகரக் கூரையின் கீழே, காற்றுச் செத்துக் கிடக்கும் நேரத்தில் படுத்துப் பார்! பாய் சுடும்; தலையணை நனையும்; சுவரைத் தொட்டால் காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டதுபோல் இருக்கும். புரண்டு படுத்தாலும் வெம்மை. எழுந்து உட்கார்ந்தாலும் வெம்மை. அந்த இரவில் நித்திரை சுகத்தை நன்றாகவே அறியும். சுகம்தான் நித்திரையின் முகவரியை அறியாமல் திண்டாடும்!

ஆனாலும் இந்தப் பழமொழியை விடமாட்டார்கள் சிலர். யார் அவர்கள்? பஞ்சணையில் சாய்ந்துகொண்டு பரிதாபப்படும் பிரபுக்கள்! "உழைப்பாளிக்கு என்ன ஐயா குறை? படுத்தான், தூங்கினான்! எனக்குத்தான் குளிரூட்டிய அறையிலும் கண் மூட முடியவில்லை!" என்று பெருமூச்சு விடுவார்கள். ஏழைக்கு ஆண்டவன் தந்த இலவசச் செல்வமாம் தூக்கம்! பெருமூச்சு விடும் பெரியவரே, ஒரே ஒரு கேள்வி. இன்றிரவு இடம் மாற்றிக்கொள்ளச் சம்மதமா? உம்முடைய கவலை நிறைந்த கட்டில் அவனுக்கு. அவனுடைய கவலையற்ற கோரைப்பாய் உமக்கு! சம்மதம் என்று சொன்னவர் ஒருவரையேனும் நான் இதுவரை கண்டதில்லை.

நான் கண்ட காட்சி ஒன்றைச் சொல்கிறேன். நாடகக்காரன் அல்லவா, காட்சியாகத்தான் சொல்ல வரும்.

இடம்: வடசென்னை, வியாசர்பாடி. ஒற்றை அறை வீடு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. நேரம்: நள்ளிரவு கடந்து ஒருமணி. ஒத்திகை முடித்துத் திரும்பும் வழியில், கழகத் தோழர் ஒருவரின் வீட்டுத் திண்டில் அமர்ந்திருக்கிறேன். ஆடவர் பாயைச் சுருட்டிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டனர். ஒருவர் நடைபாதையில், ஒருவர் ஆட்டோவின் பின்இருக்கையில், ஒருவர் கைவண்டியின் மேல். உள்ளே பெண்கள். தெருவில் படுக்கும் உரிமைகூட அவர்களுக்கு இல்லை! மின்சாரம் போயிருக்கிறது. கதவருகே ஒரு தாய், மடியருகே மழலை. கையிலே பனையோலை விசிறி. வீசுகிறாள்... வீசுகிறாள்... கண் செருகுகிறது, கை நிற்கிறது. குழந்தை சிணுங்குகிறது, கை மீண்டும் அசைகிறது. கண் மூடியே இருக்கிறது, கை மட்டும் வீசிக்கொண்டிருக்கிறது! காலை ஐந்து மணிக்கு அவள் எழ வேண்டும். எழுவதற்கு முன்னால் உறங்கியிருக்க வேண்டுமே, அதைப்பற்றி யாருக்குக் கவலை?

அந்தக் கையை மறந்துவிடாதே, தோழனே. மீண்டும் அந்தக் கையிடம் வருவேன்.

முதலில், அந்த அறையில் ஏன் உறக்கம் வரவில்லை என்று அறிவியலைக் கேட்போம். தலைவிதி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும் கூட்டமல்ல நாம்.

உறக்கம் வரவேண்டுமானால் உடலின் உள்வெப்பம் சற்றுத் தணிய வேண்டும். 37 டிகிரி செல்சியசை ஒட்டி நிற்கும் உள்வெப்பம், இரவில் ஏறத்தாழ ஒரு டிகிரி இறங்கும். இறங்குவதற்காகக் குருதி தோலை நோக்கிப் பாய்கிறது. வெம்மையை வெளியே தள்ளுகிறது. வெளிக்காற்றும் வெப்பமாக இருந்தால் வியர்வை துணைக்கு வருகிறது. வியர்வை வழிவதால் உடல் குளிர்வதில்லை; வியர்வை உலர்வதால்தான் குளிர்கிறது. சென்னையிலும் நாகையிலும் தூத்துக்குடியிலும் காற்று ஏற்கெனவே கடலின் ஈரத்தைக் குடித்து வயிறு நிறைந்து நிற்கிறது. உன் வியர்வைக்கு அங்கே இடம் இல்லை! வழிகிறது, ஒட்டுகிறது, நனைக்கிறது, உலர மறுக்கிறது. இதற்குத்தான் நம் மக்கள் ஒரே சொல்லில் பெயர் வைத்தார்கள்: புழுக்கம்!

"வழி இருக்கிறதே!" என்று வருவார்கள் அறிவுரையாளர்கள். படுக்கும் முன் குளி என்பார்கள், குளி. பருத்தி ஆடை உடு என்பார்கள், உடு. மெத்தையை விட்டுக் கோரைப்பாய்க்கு வா, எதிரெதிர் சாளரத்தைத் திற, மண்பானைத் தண்ணீர் குடி என்பார்கள். எல்லாம் நல்ல அறிவுரைகளே, நான் பழிக்கமாட்டேன். ஆனால் சாளரத்தில் ஈரத்துணி தொங்கவிடு என்று சொல்லும்போது கொஞ்சம் நில். வறண்ட காற்று வீசும் வேலூரில் அது குளிர்ச்சி தரும். கடலோரத்திலோ, நிறைந்த குடத்தில் மேலும் நீர் ஊற்றும் வேலை அது! அறைக்குள் ஈரம் கூடும், புழுக்கம் பெருகும். காற்றுக்குளிரூட்டி என்று விற்கிறார்களே, தண்ணீர் ஊற்றும் பெட்டி, அதன் கதையும் அதுவே.

சரி, இந்த அறிவுரைகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒளிந்திருப்பது என்ன? குளி என்றால் தண்ணீர் வேண்டும். எதிரெதிர் சாளரத்தைத் திற என்றால், எதிர்ச்சுவரில் சாளரம் இருக்க வேண்டும்! அண்டை வீட்டுச் சுவரே தன் வீட்டுச் சுவராக வாழ்பவன் எதைத் திறப்பான்? நெஞ்சைத் திறந்து காட்டுவதைத் தவிர வேறு கதவு அவனுக்கு உண்டா?

வரலாற்றைக் கொஞ்சம் புரட்டு. வெள்ளையன் இங்கே ஆண்டபோது அவனுக்கும் புழுக்கம் இருந்தது. என்ன செய்தான்? 1819இல் கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறினார். பின்னர், கோடை வந்தால் சென்னை மாகாண ஆட்சியே மூட்டை கட்டிக்கொண்டு உதகைக்குப் போயிற்று! மலையேற முடியாத வெள்ளையனுக்காக, அமெரிக்க ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை வெட்டிக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். அதைக் காப்பதற்காக 1842இல் எழுந்ததுதான் திருவல்லிக்கேணிக் கடற்கரையின் ஐஸ் ஹவுஸ். மனிதன் வெந்தான், பனிக்கட்டிக்கு மாளிகை!

இரவில்? அதற்குத்தான் பங்கா. கட்டிலுக்கு மேலே துணிப்பட்டை. அதிலிருந்து ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனை சுவருக்கு அப்பால், தாழ்வாரத்தில் அமர்ந்திருக்கும் ஏழை இந்தியன் கையில். கை வலித்தால் கால்விரலில் கட்டிக்கொண்டு இழுப்பான். துரை உறங்குவதற்காக அவன் விழித்திருக்க வேண்டும். அவன் கண் அயர்ந்தால் பங்கா நிற்கும். பங்கா நின்றால் துரை விழிப்பான். துரை விழித்தால் வசையும் உதையும்! ஒருவன் தூக்கத்தின் விலை, இன்னொருவன் விழிப்பு. கணக்குப் புரிகிறதா?

1902இல் அமெரிக்காவின் புரூக்ளினில் வில்லிஸ் கேரியர் என்னும் இளம் பொறியாளர், காற்றின் ஈரத்தையும் வெப்பத்தையும் அடக்கியாளும் கருவி ஒன்றை வடிவமைத்தார். இன்றைய குளிர்பதனத்தின் தொடக்கம் அது. யாருக்காக? நோயாளிக்கா? குழந்தைக்கா? இல்லை, தோழனே, காகிதத்துக்காக! அச்சகத்தில் ஈரக்காற்றால் தாள் விரிந்தது, வண்ணம் இடம்மாறிப் படிந்தது, முதலாளிக்கு நட்டம் வந்தது. உடனே அறிவியல் ஓடோடி வந்தது. காகிதம் புழுங்கினால் இழப்பு. மனிதன் புழுங்கினால் இயற்கை! அன்று எழுதப்பட்ட அந்த வரிசைமுறை இன்றும் மாறவில்லை. வங்கிப் பணப்பெட்டி நிற்கும் கண்ணாடிக் கூண்டு குளிர்ந்திருக்கிறது. அதன் வாசலில் இரவெல்லாம் காவல் காக்கும் முதியவர் வெளியே நாற்காலியில் வியர்த்திருக்கிறார்.

இன்று பங்கா இழுப்பவன் இல்லையே என்கிறாயா? இருக்கிறான். கயிறுதான் கண்ணுக்குத் தெரியவில்லை. குளிர்பதனப் பெட்டி குளிரை உற்பத்தி செய்வதில்லை. அறையின் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. தன் இயந்திரம் தின்ற மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்தே கொட்டுகிறது. எங்கே கொட்டுகிறது? சந்திலே! அந்தச் சந்தை நோக்கித்தான் அந்தத் தாயின் கதவு திறந்திருக்கிறது. மாடிவீட்டின் உறக்கம், குடிசைவாசலின் அனலாக இறங்குகிறது.

உடனே, "குளிர்பதனப் பெட்டிகளை உடைக்கச் சொல்கிறான் பார்!" என்று கூச்சல் எழும். இல்லை ஐயா! உறங்குபவரை எழுப்புவது நம் வேலையன்று. உறங்க முடியாதவரை உறங்கவைப்பதே நம் வேலை.

"அந்தக் காலத்தில் ஓட்டுவீடு, முற்றம், திண்ணை, எவ்வளவு குளிர்ச்சி!" என்று பழம்பெருமை பாட வருவார் இன்னொருவர். ஓடு குளிர்ச்சிதான், முற்றம் காற்றோட்டம்தான், சுண்ணாம்பும் செங்கல்லும் சேர்த்துப் போட்ட பழைய தளம் வெயிலைத் தாங்கியதும் உண்மைதான். ஆனால் அந்தத் திண்ணையில் யார் படுக்க முடிந்தது? அந்தத் தெருவிலேயே யார் நடக்க முடிந்தது? ஊரின் காற்றோட்டமும் குளமும் நிழலும் ஒரு பக்கம், சேரி மறுபக்கம். சாதி பார்த்து வீசிய காற்றை நாம் மீட்டெடுக்க வேண்டியதில்லை. கட்டடக் கலையின் அறிவை எடுத்துக்கொள்வோம். கட்டிவைத்த வேலியைக் கொளுத்துவோம்!

இனி ஆட்சிகளின் கணக்குக்கு வருவோம். இந்தியாவில் 1901 முதல் பதிவான ஆண்டுகளிலேயே 2024 மிக வெப்பமானது என்று இந்திய வானிலை ஆய்வுத் துறையே சொன்னது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானதை நாம் மறக்கவில்லை. பகலின் உச்சத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். இரவு? அதற்கும் ஓர் இலக்கணம் உண்டு: 'வெப்ப இரவு' என்று அறிவிக்க வேண்டுமானால் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தொட்டிருக்க வேண்டும்; இரவின் குறைந்த அளவு வழக்கத்தைவிட 4.5 டிகிரியேனும் மிகுந்திருக்க வேண்டும். பகல் 37, கடலின் ஈரம் காற்றில் நிறைந்த இரவு, கூரைக்குக் கீழே உலை. இது 'வெப்ப இரவு' ஆகாது! வெப்பமும் புழுக்கமுமான வானிலை என்று எச்சரிக்கை வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் வெப்பமானி நிழலில், திறந்த வெளியில் தொங்குகிறது; மனிதன் கூரைக்குக் கீழே தொங்குகிறான். அந்த அறைக்குள் ஒருநாளேனும் அளந்து பார்த்தவர் யார்?

2011இல் தமிழ்நாட்டில் மிக்சி, கிரைண்டருடன் மின்விசிறியும் விலையின்றி வழங்கும் திட்டம் வந்தது. எந்த ஆட்சி தந்தது என்பதை நாடறியும். யார் தந்தாலும் நல்லதை நல்லது என்று சொல்லும் நெஞ்சுரம் நமக்கு உண்டு. 2022இல் தலைமை அமைச்சர், இத்தகைய உதவிகளை 'ரேவடி' என்னும் மிட்டாயோடு ஒப்பிட்டு ஏளனம் பேசினார். மிட்டாயா? புழுங்கும் வீட்டில் சுழலும் விசிறி மிட்டாயா? அந்த அறையில் ஓரிரவு படுத்தெழுந்து அப்புறம் சொல்லட்டும்!

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை; உடலைச் சுற்றிய ஈரக்காற்றை விலக்கி வியர்வையை உலர்த்துகிறது, அவ்வளவே. தோலின் வெம்மை ஏறத்தாழ 35 டிகிரி. கூரை கொதித்து, அறைக்காற்று அதனை மிஞ்சிச் சூடேறிக்கொண்டே போனால், விசிறியின் உதவி தேய்ந்துகொண்டே போகும். கடைசியில் அனலையே அள்ளி மேலே வீசும். ஆகவே விசிறி போதாது. கூரை மாற வேண்டும்! பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட், இரவெல்லாம் அதை உறங்குபவன் மேல் உமிழ்கிறது. ஆஸ்பெஸ்டாசும் தகரமுமோ, மாலை சாயும்வரை அனலைக் குடித்துக் குடித்து வீட்டுக்குள்ளேயே ஊற்றி, சுவரையும் தரையையும் சுடவைத்துவிட்டுத்தான் ஓய்கின்றன. வெயிலைக் குடிக்கவிடாமல் திருப்பியனுப்பும் வெண்பூச்சு ஒன்றும் வானத்து அமுதம் அன்று. சுண்ணாம்பின் வேலை அது.

"கூரைக்குச் சுண்ணாம்பு அடிப்பதா அரசியல்?" என்று இளிக்கிறதா எதிர்வரிசை? ஆம் ஐயா, அதுவே அரசியல்! 2010இன் வெப்ப அலையில் அடிபட்ட ஆமதாபாத் நகரம், 2013இல் வெப்பத்தை எதிர்கொள்ளும் செயல்திட்டம் வகுத்தது. தெலங்கானா 2023இல் குளிர்கூரைக் கொள்கையையே வெளியிட்டது. ஊர் ஊராகச் சோதனை முயற்சிகள் நடக்கின்றன, வாழ்த்துகிறேன். ஆனால் சோதனை முயற்சியின் கீழ் நூறு பேர் உறங்கலாம். சட்டத்தின் கீழ்தான் கோடிப்பேர் உறங்க முடியும்.

சட்டத்துக்கு இடமுண்டா? உண்டு! 2011 ஜூனில், தில்லி ராம்லீலா திடலில் நள்ளிரவில் உறங்கிக்கொண்டிருந்த கூட்டத்தின் மேல் காவல்துறை பாய்ந்தது. அந்த வழக்கில் 2012இல் உச்சநீதிமன்ற நீதிபதி பி.எஸ். சௌகான், உறக்கம் மனிதனின் அடிப்படை உரிமை என்று எழுதினார். தடியால் உறக்கத்தைக் கலைப்பது உரிமைமீறல் என்றால், தகரத்தால் உறக்கத்தைக் கலைப்பது எந்தக் கணக்கில் சேரும்?

நம் மாநிலத்துக்கு முன்மாதிரி தேவையா? 2021இல் இந்தத் தமிழ்நாடு, கடைகளில் நின்றே கால்கடுத்த பணியாளர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று சட்டத்திருத்தம் செய்தது. அதற்கு முன்னால் என்ன சொன்னார்கள்? நின்றால்தான் வணிகம் என்றார்கள். உட்கார்ந்தால் சோம்பல் என்றார்கள். சட்டம் வந்தது, நாற்காலி வந்தது, வானம் இடிந்து விழவில்லை. உட்காரும் உரிமைக்குச் சட்டம் கண்ட மண், உறங்கும் உரிமைக்குச் சட்டம் காணக் கூடாதா? 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தோர் குடும்பத்துக்கு நான்கு இலட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் ஆணை வந்தது. நன்று! செத்தபின் தரும் தொகையை மதிக்கிறேன்; சாகுமுன் தரும் நிழலைக் கேட்கிறேன்.

கேட்பது இவைதான், தோழனே. உன் வட்டத்து உறுப்பினரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும், நம் கட்சிக்காரர் என்று பாராமல், நீயும் கேள்.

அரசு கட்டும் ஒவ்வொரு குடியிருப்பின் கூரையும் வெயிலைத் திருப்பியனுப்பும் கூரையாக இருக்க வேண்டும். தகரத்தின் கீழும் ஆஸ்பெஸ்டாசின் கீழும் வாழ்வோர்க்கு அரசின் செலவிலேயே வெண்பூச்சு வேண்டும். எதிரெதிர் சாளரமில்லாத வீட்டுக்கு இனி எவரும் ஒப்புதல் தரக் கூடாது. கோடையின் இரவில், மாளிகைத் தெருவில் விளக்கு எரியும்போது குடிசைத் தெருவில் மின்சாரம் நிற்கக் கூடாது. இரவில் திறந்திருக்கும் குளிர்ந்த கூடங்கள் வட்டந்தோறும் வேண்டும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனியிடமும் காவலும் வேண்டும். நம் கோபுரங்களைக் கட்டவந்து தகரக் கொட்டகையில் வேகும் வெளிமாநிலத் தொழிலாளிக்கும் இது பொருந்த வேண்டும்; வியர்வைக்கு மொழி இல்லை!

முடிக்குமுன் ஒரு பழைய காட்சி. புறநானூற்றின் ஐம்பதாம் பாட்டு சொல்லும் காட்சி. மோசிகீரனார் என்னும் புலவர், வழிநடந்த களைப்பில், அரசமுரசு வைக்கும் கட்டில் என்றறியாமல் அதில் ஏறி அயர்ந்துவிட்டார். அந்தக் கட்டிலில் படுத்தவனுக்குத் தண்டனை வாள்வெட்டு! வந்தான் சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை. கண்டான். வாளை ஓங்கவில்லை. விசிறியை எடுத்தான், உறங்குபவர் விழிக்கும்வரை தன் வலிய தோளால் வீசினான்!

இங்கே முடியாட்சியைப் புகழ நான் வரவில்லை. அவன் விசிறியது புலவருக்கு. வயலில் சாய்ந்த உழவனுக்கு அன்று. ஆனால் ஆள்பவன் கையில் விசிறியும், களைத்தவன் கண்ணில் உறக்கமும் என்னும் அந்த முறைமை நம்முடையது. களைத்தவன் கையில் கயிறும், ஆள்பவன் கண்ணில் உறக்கமும் என்னும் பங்கா முறைமை அந்நியனுடையது. வெள்ளையன் 1947இல் போனான். அவன் விட்டுச்சென்ற கயிறு இன்னும் போகவில்லை!

வியாசர்பாடியின் அந்தக் கதவருகே இன்றிரவும் ஒரு கை அசைந்துகொண்டிருக்கும். கண் மூடியிருக்கும், கை மூடாது. அந்தக் கை ஓயட்டும், தோழனே. அந்த விசிறியை அரசு தன் கையில் வாங்கட்டும். வாங்கும்வரை, நாம் உறங்கோம், உறங்கவும் விடோம்!